வெறும் ஓட்டம்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் மில்லிமீட்டர் என்று பெயர். தையல்காரர். அளவு எடுக்கும்போது வாடிக்கையாளர் "ஒரு மூணு சென்டிமீட்டர் குறைச்சுக்கலாமா?" என்று கேட்டால், "இருபத்தெட்டு மில்லிமீட்டர் போதும்" என்று திருத்துவார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியேதான் சாப்பிடுவார். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர், மிஞ்சின துணியைக்கூடச் சுருட்டித் திருப்பிக் கொடுப்பார். ஒரே ஒரு நோய்தான் அவருக்கு. "தப்பா வெட்டிட்டேன்" என்கிற வார்த்தை தலைகீழாக நின்றாலும் அந்த வாயில் வராது.

அதற்குப் பதிலாக அவரிடம் இருந்தது வெறும் ஓட்டம். என் அப்பா கடையில் வேலை கற்றபோது கூடவே பிடித்துக்கொண்ட வித்தை அது. அப்பா வைத்த பெயர்தான். யாராவது வந்து "தோள்ல பிடிக்குது" என்று சொன்னால், "உள்ளே துணி விட்டிருக்கேன், பிரிச்சு விட்டுடறேன், அஞ்சு நிமிஷம்" என்று சட்டையை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். ஊசிக்குக் கீழே ஒன்றும் வைக்காமல் மெஷினை ஓட்டுவார். பிறகு அதே சட்டைக்குச் சூடாக ஒரு இஸ்திரி. வெளியே கொண்டுவந்தால், கண்ணாடி பக்கத்தில் நான் நிற்பேன். "இப்போ பாருங்க, எப்படி உக்காருது!" என்பது என் வசனம். சூடான துணி உடம்பில் பட்டால் இதமாகத்தான் இருக்கும். பத்துப் பேரில் எட்டுப் பேர் "ஆமா, இப்போ சரியா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

இதற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட பெயர் சமாளிப்பு. ஊரார் செய்தால் பித்தலாட்டம், நாம் செய்தால் சமாளிப்பு! முப்பது வருஷம் இந்த வாயால் சொன்னவள்தான் நான், யாரைக் குறை சொல்ல?

என் தங்கை என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். மொழி ஆசிரியை. அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடி இரண்டு வருஷமாகிவிட்டது. வீட்டில் படுக்கையில் கிடக்கிற புருஷன், படிக்கிற பெண். அங்கே இங்கே அலைந்து கடைசியில் ஒரு பெரிய பள்ளியில் கூப்பிட்டார்கள். ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், கோட்டு போட்டுத்தான் வர வேண்டும் என்றார்கள். அவளிடம் கோட்டு ஏது? "நான் தைச்சுத் தரேன், நீ படிக்கிற வேலையைப் பாரு" என்றார் மில்லிமீட்டர். ஆசையாகத்தான் தொடங்கினார்.

வலது கைக்குழியைத் தேவைக்கு மேல் ஆழமாக வெட்டிவிட்டார். கையைக் கோட்டோடு சேர்க்கிற இடம் அது. ஆழம் கூடினால் கையைத் தூக்கும்போது கோட்டே கூட வரும், கை பாதியில் நின்றுபோகும். கோட்டுக்கு உள்பக்கத் துணி வைத்துத் தைப்பவள் நான், என் கண்ணுக்குத் தெரியாதா? பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். அக்குளில் சின்னதாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் தீர்ந்தது. ஆனால் ஒட்டு தெரியும். மில்லிமீட்டர் தைத்த கோட்டில் ஒட்டா! நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போட்டுப் பார்க்க வந்த அன்றைக்கு அவளுக்கு ஒரே உற்சாகம். காட்டப்போகிற பாடத்தை எங்கள் கடையிலேயே நடத்திப் பார்த்தாள். ஏமாற்றுவதற்கும் நடிப்பதற்கும் எத்தனை சொல் இருக்கிறது என்பதுதான் பாடம்.

"பாசாங்கு, பாவனை, வேஷம், வஞ்சனை... இன்னும் சொல்லுங்க மாமா."

"டபாய்க்கிறது," என்றார் அவர். "காதுல பூ சுத்துறது."

"நாமம் போடுறது, டிமிக்கி குடுக்கிறது," என்று நானும் சேர்ந்துகொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சிரித்து முடித்துக் கையைத் தூக்கினாள். தோளுக்கு மேலே போகவில்லை. "மாமா, இங்கே பிடிக்குதே."

"அஞ்சு நிமிஷம்மா," என்று கோட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். மெஷின் ஓடியது. வெறுமனே ஓடுகிற மெஷினின் சத்தம் எனக்குத் தெரியும், லேசாக, குளிரில் பல் தந்தியடிக்கிற மாதிரி இருக்கும். கோட்டு சூடாக வந்தது. நான் கண்ணாடி பக்கம் நின்று சொன்னேன். "இப்போ பாரு, எப்படி உக்காருது!"

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஆமாக்கா, நல்லா இருக்கு," என்றாள்.

அந்த வேலை கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பலகையில் மேலேயிருந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கை எழவில்லை. கழற்றி வைக்கலாமென்றால் உள்ளே போட்டிருந்தது தோள் கிழிந்த பழைய சட்டை. நெஞ்சு உயரத்தில் தொடங்கி நாலு வரியில் பலகையே முடிந்துபோனது. கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லை. பலகையைக் கையாளத் தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பதினாறு வருஷம் பாடம் நடத்தினவளைப் பார்த்து!

"தோள்பட்டை வலி அக்கா, அதான்," என்றாள் எங்களிடம். "ஐயோ பாவம்," என்றார் என் வீட்டுக்காரர். நான் அதுகூடச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து இன்னொரு பள்ளியில் கூப்பிட்டார்கள். கோட்டோடு வந்தாள். "மாமா, கொஞ்சம் பாருங்களேன்," என்றாள். அவர் வழக்கம்போல வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வழக்கம்போல மெஷின் ஓடியது.

தங்கை என் பக்கம் குனிந்து, "அக்கா, துணி இல்லாம ஓடுதுக்கா," என்றாள்.

நான் சட்டென்று திரைப் பக்கம் திரும்பினேன்.

"நானும் அப்பா கடையிலதானே வளர்ந்தேன். இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்போ அன்னைக்கே தெரியுமாடி உனக்கு?"

"தெரியும்."

"ஏன்டி பாவி சொல்லலை?"

"உனக்குத் தெரியாம மாமா மட்டும் செய்யறார்னா சண்டை போட்டிருப்பேன். நீ வந்து நின்னு சொன்னியே, அப்போ உன் மூஞ்சியைப் பார்த்தேன். உனக்கும் தெரியும்னு புரிஞ்சுது. கேட்டா நீ எங்கேக்கா மூஞ்சியை வெச்சுக்குவே?"

தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் மானத்தைக் காப்பாற்றத் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, அதையும் சமாதானமாகச் சொல்கிறாள்.

திரை விலகியது. "போட்டுப் பாரும்மா," என்றார் அவர், ஆவி பறக்கிற கோட்டோடு. அவள் போட்டுக்கொண்டாள். அப்போது என் வாய், எல்லாம் கேட்ட பிறகும், முப்பது வருஷப் பழக்கத்தில் தானாகச் சொன்னது. "இப்போ பாரு, எப்படி உக்காருது!"

சொல்லிவிட்டேன். காதால் கேட்டேன், நான்தான் சொன்னேன்.

அவள் கையைத் தூக்கினாள். தோளோடு நின்றது. "நல்லா இருக்கு மாமா," என்றாள்.

"கழட்டுடி அதை!" என்று கத்தினேன். கோட்டைப் பிடுங்கி, மேஜையில் கிடந்த பிளேடால் அக்குள் தையலை ஒரே இழுப்பில் பிரித்தேன். மில்லிமீட்டர் பதறிப்போனார். "ஏய், என்ன பண்றே? பைத்தியமா உனக்கு?"

"தப்பா வெட்டிட்டீங்க. நான் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன். அவளுக்கு ரெண்டும் தெரியும். ஒட்டுத் துண்டு வைங்க."

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கழுத்திலிருந்த நாடாவை எடுத்து மேஜையில் வைத்தார். அந்தக் கோட்டுத் துணியில் மிஞ்சின சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, திரையை இழுத்து மூடாமலேயே மெஷினில் உட்கார்ந்தார். இந்தத் தடவை சத்தம் கனமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முடிந்ததும் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினாள். காதைத் தாண்டி, தலைக்கு மேலே நேராகப் போனது. ஒட்டு யார் கண்ணுக்கும் படாது, கையைத் தூக்கிக் காட்டினால்தான் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.