துருவை உட்கார வைத்தவள்

குடிநீர் நிலையத்தின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. கலங்கிய ஆற்று நீரை வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டுக் கலக்குவாள். எதில் அழுக்கு சீக்கிரம் திரண்டு அடியில் படிகிறது என்று பார்ப்பாள். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் 'குடுவையம்மா'. முப்பதுகூட ஆகாதவளுக்கு அந்த 'அம்மா' கொஞ்சம் அதிகம்தான்.

கல்யாணமாகிப் போன வீட்டில் ஆழ்துளைக் கிணறு. தண்ணீர் பளிங்கு மாதிரி வரும். வாளியில் சற்று நேரம் நின்றால் டீ நிறமாகிவிடும். மாமியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய சீருடை வெள்ளை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஊருக்கே தண்ணி சுத்தம் பண்றே. நம்ம வீட்டுத் தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் மாமியார்.

"இதுல இரும்பு கரைஞ்சிருக்கு அத்தை. கரைஞ்சு கெடக்குற வரைக்கும் எந்த வடிகட்டியிலயும் சிக்காது. காத்து பட்டா துருவாயிடும். அப்புறம் புடிச்சிடலாம்."

"அப்போ புடி."

பஸ் ஓட்டும் கணவன் ஒரு குழாயில் துளைகள் போட்டுக் கொடுத்தான். தண்ணீர் காற்றில் தூறலாகச் சிதறி, மணல் நிரப்பிய டிரம்மில் விழுந்தது. சில நாள் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் அவள் வேலையில் இருக்கும்போது மாமியாரின் போன்.

"உன் தொழிற்சாலை அடுப்படிக்குள்ள வந்துடுச்சு. லீவு போட்டுட்டு வா."

துரு மணலை அடைத்து, டிரம் வழிந்து, வீடெங்கும் செந்நிற வெள்ளம். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுக்கைப் படியவிடாமல் நேரே மணலுக்கு அனுப்புவதை நிலையத்தில் அவளே அனுமதிக்க மாட்டாள். அவசரம் கண்ணை மறைத்துவிட்டது. மாமியார் திட்டவில்லை. துடைப்பத்தை நீட்டினார். இருவரும் சிரித்துக்கொண்டே தரையைக் கழுவினார்கள்.

குழாய்க்கும் மணல் டிரம்முக்கும் இடையில் இன்னொரு டிரம் வந்தது. துரு சீக்கிரம் திரளச் சிறிது சுண்ணாம்பு. துரு அடியில் உட்கார்ந்த பிறகு, மேலே தெளிந்த நீர் மட்டும் மணலுக்குப் போயிற்று. வடிந்த நீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தாள். இரும்பு ஏறக்குறைய இல்லை.

மாமியார் அதை நம்பவில்லை. ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்து மறுநாள் வரை ஜன்னலில் வைத்தார். நிறம் மாறவில்லை. புதிதாக ஒரு கோப்பை பிடித்துக் குடித்தார்.

"ருசியே இல்லையே!"

"அதுதான் அத்தை தண்ணியோட ருசி."

இப்போது விடுமுறை நாளில் மணலைக் கழுவுவது மாமியார்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். பக்கத்து வீட்டார் வந்து பார்த்தால் குழாயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்குவார். சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்டால் மட்டும், "அதுக்கு உள்ள ஆள் இருக்கு" என்று கை காட்டுவார்.