கோழிக்குப் போன கொள்ளு

கல்யாணமாகி நான் வந்த வீட்டில் ஒரு கிழட்டுக் குதிரை இருந்தது. என் வீட்டுக்காரர் திண்டுக்கல் ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டினார். தொண்ணூறுகளில் ஆட்டோ பெருகிவிட்டது. தாடிக்கொம்பு கோயிலுக்குப் போகிற சில குடும்பங்கள்தான் எங்கள் வண்டியைத் தேடின.

தீனி என் பொறுப்பு. காலையில் கொள்ளை வேகவைத்து வடிப்பேன். கொள்ளு குதிரைக்கு. வடித்த தண்ணீர் எங்களுக்கு, ரசமாக. மாமியார் காலத்திலிருந்தே அப்படித்தான்.

அந்தக் கோடையில் குதிரைக்கு விலா எலும்பு தெரிந்தது. புல்லை வாயில் அதக்கி, ஈர உருண்டையாகக் கீழே போட்டது.

"வண்டி இழுக்கச் சோம்பிக்கிட்டு நடிக்கிறான்" என்றார் அவர். ஆனாலும் கொள்ளை இரண்டு மடங்காக்கச் சொன்னார்.

கோழிகள்தான் கொழுத்தன.

"நீ வந்த நேரம் கோழியெல்லாம் என்னமா ஊதிப்போச்சு பாருடி! குதிரைக்குத்தான் உன் கைராசி ஒத்துக்கல" என்று மாமியார் சிரித்தார்.

கோழிகள் எந்நேரமும் குதிரைச் சாணியைக் கிளறின. கூட்டும்போது குனிந்து பார்த்தேன். கொள்ளு முழுசு முழுசாகக் கிடந்தது. குதிரை எதையும் மெல்லவில்லை. சொல்ல நினைத்தேன். நேற்று வந்தவளுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார்களோ என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஒருநாள் குதிரை வண்டியோடு முட்டி போட்டுவிட்டது. மாட்டு டாக்டர் வந்து அதன் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார்.

"பல்லெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்குப்பா. இது எதை மெல்லும்? அரைச்சுக் கஞ்சியா குடுங்க. கொள்ளு வெந்த தண்ணிய என்ன பண்றீங்க?"

மாமியார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அன்றே கொள்ளை ஆட்டுக்கல்லில் அரைத்து, தவிடு போட்டு, அந்தத் தண்ணீரிலேயே கரைத்து வைத்தேன். மூன்று நாளும் வாளியின் அடிவரை நக்கியது. நாலாம் நாள் எழவில்லை. மத்தியானம் செத்தது.

"நேத்துக்கூட அம்புட்டையும் குடிச்சானே" என்றார் அவர், அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு.

"சாணியில கொள்ளு முழுசாக் கெடந்துச்சுங்க. நான் பார்த்தேன்."

"எப்ப?"

"பதினஞ்சு நாளிருக்கும்."

அவர் திட்டவில்லை. எழுந்துபோய் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மிச்சமிருந்த கொள்ளை வீணாக்க வேண்டாமென்று மறுவாரம் மாமியார் ரசம் வைக்கச் சொன்னார். வைத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார். அதன் பிறகு எத்தனையோ தடவை வைத்துவிட்டேன். இன்றுவரை அவர் மோர்தான் ஊற்றிக்கொள்கிறார்.