பதிவைக் கேட்ட கன்னியம்மாள்

ஆவடிக் கோதண்டம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வலைப்பூ எழுதத் தொடங்கினார். மனைவி கன்னியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில் அவளைக் கிண்டலடித்தே வாசகர்களைச் சேர்த்துவிட்டார்.

போன வாரம் வலைப்பூத் தளத்தைப் புதுப்பித்தார்கள். பதிவுகளின் மேலே ‘கேட்க’ என்றொரு பொத்தான் வந்திருந்தது. அழுத்தினால் ஒரு பெண்குரல் வாசித்தது. ஒரு பதிவை ஓடவிட்டுவிட்டுக் கோதண்டம் பால் வாங்கப் போனார். அடுத்தடுத்த பதிவுகளையும் அது தானாகவே வாசிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது கன்னியம்மாள் அவரைக்காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆவடியில் இறங்காமல் தூங்கிப்போய், காலி ரயிலோடு அவள் அண்ணனூர் பணிமனைக்குள் போன கதை. வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்த பதிவு அது. கோதண்டம் அவசரமாக நிறுத்தினார்.

“நல்லாத்தான் எழுதிகீறே. ராவெல்லாம் ஆஸ்பத்திரில உன் பக்கத்துல முழிச்சிகினு கெடந்தேன், அதான் தூங்கிட்டேன். அத்த மட்டும் உட்டுட்டியேய்யா.”

“அழிச்சிடறேன், கன்னிம்மா.”

“இன்னாத்துக்கு? சிரிச்சவங்க சிரிச்சாச்சு.” காயை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

கோதண்டம் அந்தப் பதிவைத் திறந்து, ஆஸ்பத்திரியை எங்கே சேர்ப்பது என்று தேடினார். எங்கே சேர்த்தாலும், அதற்குப் பிறகு சிரிப்பதற்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.