ஒட்டிக்கொண்ட பக்கங்கள்

அண்மையில் படித்த புத்தகங்களில் எதை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வாய் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிவரச் சொல்லியிருப்பதாக நேற்று பேரப்பிள்ளைகள் நீங்கள் என்னிடம் வந்து நின்றீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன், எனக்கு என்ன தெரியும் என்று மழுப்பிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. எங்கள் வீட்டில் அந்த வேலையை யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்தவள் என் அக்கா. நீங்கள் அவளைப் பார்த்ததில்லை.

அறுபதுகளில் நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். அப்பா ஓர் ஆபீசில் பியூன். அங்கே படித்துக் கழித்த வாரப் பத்திரிகைகள் எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா அதிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்ப்பாள். கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி அட்டை ஒட்டினால் புத்தகம் தயார். ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு சீட்டு எழுதிச் செருகுவாள். அம்மாவுக்கு: 'இது அழுகிற கதை. உலை இறக்கிய பிறகு எடுக்கவும்.' அப்பாவுக்கு: 'துப்பறியும் கதை. கொலைகாரன் யார் என்று எட்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்டால் சொல்வேன்.' எதிர்வீட்டு மாமாவுக்கு: 'சிரிப்புக் கதை. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கவும்.' எனக்கு: 'பேய்க்கதை. பகலில் மட்டும்.' அவள் சொன்ன கதை யாருக்கும் பிடிக்காமல் போனதே இல்லை. யாருக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எனக்குப் பத்து வயதானபோது அவளைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ரயிலடிக்குப் பக்கத்து வீடு. மாதத்துக்கு ஒருமுறை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு காலை பாசஞ்சரில் போவார். பெண் கொடுத்த வீட்டில் பேரனோ பேத்தியோ பிறக்கும்வரை கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதனால் அப்பா வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார். உள்ளே போவது நான்தான். அம்மா கொடுத்தனுப்பும் முறுக்கையும் புதிதாகத் தைத்த புத்தகத்தையும் மஞ்சப்பையில் கொண்டுபோவேன். பழைய புத்தகத்தையும், அதைப் பற்றி அக்கா சொல்வதையும் திருப்பிக் கொண்டுவருவேன். கல்யாணத்துக்குப் பிறகு சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்துவிட்டது. சீட்டை மட்டும் பையில் போடாமல் அக்காவின் கையில் கொடுப்பேன்.

ஒரு மாதம் போர்க்கதை. அதற்குப் பசை தடவியது நான். ஆசையில் அள்ளித் தடவிவிட்டேன். நடுவில் யானை கோட்டைக் கதவை உடைக்கிற பக்கங்கள், பத்துப் பன்னிரண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. திட்டு விழும் என்று மறைத்துவிட்டேன். சீட்டில் மட்டும், 'அக்காவுக்கு: யானை வரும் இடம் பிரமாதம். ஒட்டியிருந்தால் பிளேடால் கீறிப் படிக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் போனபோது அக்காவின் மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாடா பெரிய மனுசா! இந்த மாசமும் கதை மூட்டையா? உங்க ஊட்டுச் சீரே பேப்பருதானா?"

ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து போர்க்கதையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். புதிய புத்தகம் அதே இடத்துக்குப் போனது.

அக்கா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் முந்தானையைச் சுற்றியிருந்தாள். ஈரத்தில் யாராவது அப்படிச் சுற்றிக்கொள்வார்களா என்று எனக்குத் தோன்றவில்லை. மாமியார் முறத்தோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள்.

"படிச்சியாக்கா?"

"படிக்காம? யானை வர்ற எடம் பிரமாதம்டா. ஆனா எனக்குப் புடிச்சது அந்த எளவரசிதான். அம்மாகிட்ட மறக்காம சொல்லு. கோட்டைக்குள்ள எல்லாரும் சாப்ட்டப்புறந்தான் அவளுக்குச் சோறு. சில நாளு சட்டியில ஒண்ணும் இருக்காது. சூடு பட்ட கைய மூடிக்கிட்டு வேல செய்வா. அவ அப்பா மாசாமாசம் கோட்டை வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிடுவாரு. அவருக்கு எங்க தெரியும், பாவம். அவ ரயிலு சத்தத்த எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பா."

"ராஜா காலத்துல ஏதுக்கா ரயிலு?"

அக்கா புளியை எடுத்துச் செம்பைத் தேய்த்தாள். "ஆமாண்டா. குதிர. குதிர சத்தம்."

"கத படிச்ச லட்சணத்தப் பாரு" என்று மாமியார் சிரித்தாள்.

திரும்பும்போது ரயிலில் புத்தகத்தைப் பிரித்தேன். நடுப்பக்கங்கள் நான் ஒட்டியபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் முதல் பெரிய சிபாரிசு. அதைப் படிக்காமலே பிரமாதம் என்று சொல்லியிருக்கிறாள்!

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இளவரசி, சட்டி, ரயில். ரயிலைச் சொல்லும்போது நானே சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லுடா" என்றாள். சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டாள். வாராவாரம் அந்தக் கதையைப் படித்துத் தைத்தவள் அவள். அதில் இளவரசியே கிடையாது.

"நாளைக்கே போயி அவளக் கூட்டியாந்துடுங்க" என்றாள் அப்பாவிடம்.

"என்னான்னு சொல்லிக் கூட்டியார்றது? எம்பொண்ணு ஒரு கத சொன்னா, அதான் வந்தேன்னா?" அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. உள்ள போயி பாக்குறவன் நீதான். அக்கா எப்பிடி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. படிக்காமலே படிச்சேன்னு புளுகுறா."

"பாத்தியா?" என்றார் அப்பா. அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

அடுத்த மாதம் ஆத்திரம் தீராமல் ஒரு சீட்டு எழுதி அக்காவின் கையில் கொடுத்தேன். 'அக்காவுக்கு: நீ படிக்காமலே பொய் சொல்கிறாய். இனிமேல் உனக்கு எந்தக் கதையும் சொல்ல மாட்டேன்.' அவள் அதைப் படித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். என் தலையைத் தடவினாள்.

அதன் பிறகு எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும், "நல்லாருந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்பதோடு சரி. "அவ்ளோதான் சொன்னாளா? நல்லா ரோசன பண்ணு" என்று அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் சொன்னாள். என் கண்டிப்புக்குப் பிறகு அக்கா திருந்திவிட்டதாக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரம் கழித்து வாடகைக் கார் வைத்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப்போனார்கள். அவளைத் தூக்கி இறக்கிய அப்பா, "கனமே இல்லியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான்கு நாள் இருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு கதையைப் படித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் அந்தக் கதை பாதியில் நின்றுபோனது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சிதம்பரத்திலிருந்து அவளுடைய தகரப் பெட்டி வந்தது. கடைசியாகக் கொடுத்தனுப்பிய புத்தகம் அதில் இருந்தது. பிரித்த அடையாளமே இல்லை. புடவைகளுக்கு அடியில் நான் எழுதிய சீட்டுகள் எல்லாம் ஒரு நூலில் கட்டியிருந்தன. மடித்து மடித்துத் துணிபோல் ஆகியிருந்தன. கடைசிச் சீட்டில் என் வரிகளுக்குக் கீழே, பென்சிலில், அக்காவின் குண்டு எழுத்து: 'சரிடா தம்பி. இனிமேல் படித்துவிட்டே சொல்கிறேன்.'

அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"பாத்தியாம்மா," என்றேன். "அக்காவே ஒத்துக்கிட்டா."