ஐஸில் வைத்த இரத்தம்

ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுக் கொடுத்த படிவத்தில், கல்வித் தகைமை என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு என்று எழுதினேன். நான் ஏழோடு நின்றவன். ஒரு வகுப்புப் பொய் பெரிய பொய் இல்லை. முன் அனுபவம் என்ற இடம்தான் சிக்கலாக இருந்தது. அதற்கு ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். துறைமுகத்தில் சீமெந்து மூட்டை இறக்கியது, கட்டாரில் கம்பி கட்டியது, புத்தளத்தில் உப்பு அள்ளியது, இடையில் ஒரு வருடம் எங்கே இருந்தேன் என்றே நினைவில்லாதது, எல்லாவற்றையும் ஒரு கோட்டில் அடக்க முடியாது. "பல" என்று எழுதினேன். கடைசியாகச் செய்த வேலையை மட்டும் நேர்முகத்தில் வாயால் சொன்னேன். மீன் லொறியில் ஆறு வருடம் ஐஸ் போட்டவன்.

பொறுப்பான டொக்டரின் முகம் மலர்ந்தது.

"அப்ப குளிர்ப்பெட்டியெல்லாம் பழக்கம்தானே," என்றார். நேர்முகம் அத்தோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வளைகுடாவின் தெற்குப் பக்கம் என்பது போதும். சிறிய இடம். ஒப்பரேஷன் தியேட்டர் ஒன்று உண்டு. அங்கிருந்த ஆய்வுகூடம் இரத்தத்தில் சீனி பார்க்கும், சிறுநீர் பார்க்கும், அதற்கு மேல் கேட்டால் கையை விரிக்கும். மற்றப் பரிசோதனை எல்லாம் நகரத்துக்குப் போகவேண்டும். அதைக் கொண்டுபோவதுதான் என் வேலை. மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் குளிர்ப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, கிண்ணியாப் பாலம் ஏறி இறங்கி, சீனன்குடா தாண்டி, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இருக்கிற ஆய்வுகூடம்வரை. காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. அலைந்து திரிகிற ஒருவனுக்கு, அலைவதற்கே சம்பளம் தருகிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும்.

முதல் நாள் வார்டுத் தாதி மிஸ்ஸி அரை மணித்தியாலம் பயிற்சி தந்தா. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அச்சடித்த ஒரு தாளைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னா. எது குளிரில் போகவேண்டும், எது வெளியில் போகவேண்டும், எதைக் குலுக்கக்கூடாது. ஐஸ் என்ற சொல் வந்த இடத்தோடு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஐஸைப் பற்றி இந்த மிஸ்ஸி எனக்கா சொல்லித் தரப்போகிறா?

"விளங்கினதா?"

"ஓம் மிஸ்ஸி."

"அப்ப இதில கையெழுத்து வையுங்க."

வைத்தேன். என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும். எழுத்துக்களில் எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

நான் கொண்டுபோனவற்றில் கல்ச்சர் போத்தல் என்று ஒன்று இருந்தது. சின்னப் போத்தல், உள்ளே தெளிந்த சூப் மாதிரி ஒரு நீர். ஒப்பரேஷன் முடிந்தவருக்குக் காய்ச்சல் விடாவிட்டால், இரத்தம் எடுத்து அதற்குள் விடுவார்கள். நகரத்து ஆய்வுகூடத்தில் அதைக் கதகதப்பாக வைத்துப் பார்ப்பார்கள். இரத்தத்தில் கிருமி இருந்தால் அந்த நீரில் வளரும். வளர்ந்தால் அது என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று கண்டுபிடிக்கலாம். இதெல்லாம் பிறகு அறிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, அது முக்கியமான போத்தல் என்பது மட்டும். முக்கியமான சாமான் என்றால் ஐஸ் கூடப் போடவேண்டும். லொறியில் பாரை மீனுக்குச் செய்வதுபோல் நொறுக்கிய ஐஸில் கல்லுப்பும் கலந்து, போத்தலை நடுவில் புதைத்துவிடுவேன். உப்புச் சேர்ந்தால் குளிர் இறுகும். கொழும்பு போய்ச் சேர்ந்தாலும் பாரையின் கண் வெள்ளை விழாது.

ஆய்வுகூடத்தில் போத்தல்களை வாங்கும் பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. ஈரத்தில் பெயர் அழிகிறது என்று ஒருநாள் ஏசினா.

"என்னண்ணே, கடலுக்குள்ள குதிச்சிட்டா வாறீங்க?"

அன்றிலிருந்து ஏற்றத்துக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்துவேன். போத்தல்களை உடுத்திருந்த சாரத்தால் துடைத்து, ஒரு பிளேன்டி குடித்து முடியும்வரை மேசையில் வெயிலில் காயவைத்து, பிறகுதான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதன்பிறகு அவ ஏசவில்லை. குளிர்ந்து கிடந்த போத்தல் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாமல் போனதும் அதனால்தான். ஒரு பிழையைச் செய்து, அதன் தடயத்தையும் நானே துடைத்துக் காயவைத்தேன். இவ்வளவு திறமையாக என் வாழ்க்கையில் வேறெதையும் செய்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் நோயாளிக்குப் புதிதாகக் கிருமி தொற்றினால் அதை அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பவேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி ஒவ்வொரு முறையும் "இல்லை" என்றே எழுதி அனுப்பியது. இரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை என்று ஆய்வுகூடம் எழுத, அதைப் பார்த்து இவர்கள் எழுதினார்கள். கடைசியில் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினார்கள். அந்த வழியால் போகும்போதெல்லாம் டொக்டர் அதை நிமிர்த்திவிட்டுப் போவார். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைத்துக்கொண்டேன். முழுப் பங்கும் எனதுதான் என்று அப்போது தெரியாது.

அந்த நேரத்தில்தான் தோப்பூரிலிருந்து ஒரு பெண் பிள்ளை பெற வந்தா. வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை நல்ல சுகம். தாய்க்கு மூன்றாம் நாள் காய்ச்சல் பிடித்தது. இரத்தம் எடுத்தார்கள். நான் கொண்டுபோனேன். கிருமி இல்லை என்று பதில் வந்தது. காய்ச்சல் விடவில்லை. திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் கொண்டுபோனேன். இந்த முறை ஐஸ் இன்னும் கொஞ்சம் கூட.

புருசன் வயல் செய்கிற மனிசன், என்னைவிட மூத்தவர், அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவேன். நான் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற மரத்துக்குக் கீழேதான் நாள் முழுக்க நிற்பார்.

"தம்பி, முடிவு வந்திச்சா?"

"வந்தது காக்கா. கிருமி இல்லையாம்."

"கிருமி இல்லாட்டி இந்தக் காய்ச்சல் எங்கால வாற? நேத்து என்னையே ஆரெண்டு கேக்குறா."

"ஒண்டும் யோசிக்காதீங்க. ரத்தம் சுத்தமா இருக்கெண்டா நல்லதுதானே."

ஏழாம் வகுப்புக்காரன் நான் வைத்தியம் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார். கையில் பெட்டி இருந்தால் யாரும் நம்புவார்கள்.

இப்படி ஐந்து நாள் போனது. ஐந்தாம் நாள் சுகாதாரத் திணைக்களத்திலிருந்து ஒரு டொக்டர் அம்மா வந்தா. கிருமிகளைப் பற்றியே படித்தவ, யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு. யாரும் முறைப்பாடு செய்து வரவில்லை. எங்கள் கணக்கு அளவுக்கு மிஞ்சிச் சுத்தமாக இருந்ததால் வந்தாவாம். ஒப்பரேஷன் தியேட்டர் இருக்கிற இடத்தில் இத்தனை காலம் ஒருவருக்கும் ஒன்றும் தொற்றவில்லை என்றால், ஒன்றில் அது சொர்க்கம், இல்லாவிட்டால் எங்கேயோ பிழை என்று மிஸ்ஸியிடம் சொன்னாவாம். வார்டு, தியேட்டர், கை கழுவுகிற இடம், புத்தகங்கள், எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தா.

"நீங்கள் எப்பிடிக் கொண்டு போறனீங்கள் எண்டு ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

என் தொழிலைச் செய்துகாட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. வெறும் கல்ச்சர் போத்தல் ஒன்றை எடுத்து, ஐஸை நொறுக்கி, அடியில் ஒரு படை, நடுவில் போத்தல், மேலே ஒரு படை என்று முழு வித்தையையும் காட்டினேன்.

"இது என்ன, உப்போ?"

"கல்லுப்பு, டொக்டர். ஐஸ் இறுகிப் பிடிக்கும். ஆறு வருசம் என்ர கையில ஒரு மீன் பழுதாகேல்ல."

"ஈரமா இருக்கெண்டு அங்க ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"சொன்னவை. அதுதான் இப்ப துடைச்சு, வெயிலில காயவெச்சுக் குடுக்கிறனான்."

அவ அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தா. ஐஸுக்குள்ளிருந்து போத்தலை வெளியே எடுத்தா.

"தம்பி, மீன் செத்தது. அதில ஒண்டும் வளரக்கூடாதெண்டுதான் ஐஸ் போடுறது. இந்தப் போத்தலுக்குள்ள கிருமி இருந்தா, அது அங்க போய்ச் சேருமட்டும் உயிரோட இருக்கவேணும். நீங்கள் வழியில அதைச் சாகடிச்சுப்போட்டு, அங்க போய் ஆளில்லை எண்டு எழுதுவிச்சுக்கொண்டு வாறீங்கள்."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் வேலை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் மரத்துக்குக் கீழே நிற்கிற மனிசன்.

"தோப்பூர்ப் பொம்பிளையின்ர போத்தலும் இப்பிடித்தானோ?" என்று அவ கேட்டா.

"ஓம் டொக்டர். அதுக்குக் கொஞ்சம் கூடப் போட்டனான்."

எங்கள் டொக்டருக்கு ஆளனுப்பினார்கள். வந்தவர் நான் கையெழுத்து வைத்த தாளையும் கையோடு கொண்டுவந்தார்.

"உன்னை ஆர் ஐஸ் போடச் சொன்னது? இதில கையெழுத்து வெச்சிருக்கிறாய்தானே? இண்டைக்கே ஆளை நிப்பாட்டுறன் டொக்டர்."

"இந்தத் தாளை இவரால வாசிக்க ஏலுமோ எண்டு ஆரும் பாத்தீங்களோ?" என்று அவ கேட்டா. "ஒருநாளாவது இந்தப் பெட்டியைத் திறந்து பாத்தீங்களோ? இவர் ஒருத்தரின்ர பிழையெண்டா நான் இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை. முதல்ல அந்தத் தாய்க்குத் திருப்பி ரத்தம் எடுங்கோ."

எடுத்தார்கள். கொண்டுபோக என்னையே விட்டா. வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம், என்மேல் இருந்த நம்பிக்கை அல்ல.

ஐஸ் இல்லாமல் ஒரு சாமானைக் கொண்டுபோவது எனக்கு உடுப்பில்லாமல் போவது போலிருந்தது. போத்தலைத் துணியில் சுற்றி, சின்னப் பெட்டியில் வைத்து, நேர் வெயில் படாமல் என் மடிக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் கட்டிக்கொண்டேன். பாலத்தில் மீன் லொறியொன்று ஐஸ் தண்ணி ஒழுக ஒழுக என்னை முந்திப் போனது. பழக்கதோசத்தில் கை அந்தப் பக்கம் போகப் பார்த்தது. தேத்தண்ணிக் கடையில் நிற்கவில்லை. போத்தலைக் கையில் வாங்கிய பெண் நிமிர்ந்து பார்த்தா.

"என்னண்ணே, இண்டைக்கு இவ்வளவு வெள்ளனக் காஞ்சிட்டுது?"

"இண்டைக்குத்தான் ஒழுங்கா வந்தனான் தங்கச்சி."

அடுத்த நாள் தொலைபேசியில் பதில் வந்தது. வளர்ந்திருந்தது. கிருமியின் பெயர் நீளமானது, இன்றைக்கும் என் வாயில் வராது. அதுவரை கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கு அது அசையாதாம். மருந்தை மாற்றினார்கள். டொக்டர் அம்மா வார்டிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்தவற்றையும் நான்தான் கொண்டுபோனேன். அதே கிருமி, கை கழுவுகிற இடத்துச் சவர்க்காரத் தண்ணிப் போத்தலுக்குள் குடியிருந்தது. முடிய முடிய மேலே ஊற்றி நிரப்பினார்களே தவிர, அந்தப் போத்தலை ஒருவரும் ஒருநாளும் கழுவவில்லை. சான்றிதழை யாரோ கழற்றிவிட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது.

அவ எழுதிய அறிக்கையில் என்னைப் பற்றியும் ஒரு வசனம் உண்டென்று மிஸ்ஸி வாசித்துக் காட்டினா. மாதிரிகளைக் கொண்டுசெல்பவருக்கு விளங்கும் முறையில் பயிற்சி கொடுக்கப்படவில்லை. என்னைப் பற்றி அரசாங்கம் எழுதியதில் இதைவிட மரியாதையான வசனம் கிடையாது. பொலிசில் எழுதியவை எல்லாம் இதைவிட மோசம்.

மருந்து மாற்றி மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் தோப்பூர் மனிசன் ஒரு சட்டி எருமைத் தயிரோடு மரத்தடிக்கு வந்து அதை என் கையில் வைத்தார்.

"மிஸ்ஸி செல்லிச்சு, நீங்க மடியில வெச்சுக் கொண்டுபோன போத்தல்லதான் கண்டுபிடிச்சாங்களாம். இது நம்மட மாட்டுத் தயிர்."

எங்கள் டொக்டர் அவருக்குச் சொன்னது, பரிசோதனையில் கொஞ்சம் சுணக்கம் என்பது மட்டும். நான் சட்டியோடு நின்றேன். மேலே கட்டியிருந்த தாளுக்குள்ளால் நல்ல வாசம். வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். பசி கிடந்த காலத்தில் இதைவிடக் குறைந்த சாமானுக்கு இதைவிடப் பெரிய பொய் சொல்லியிருக்கிறேன்.

"காக்கா, முதல் ரெண்டு போத்தலையும் பழுதாக்கினது நான்தான். ஐஸ் போட்டுக் கிருமியைச் சாகடிச்சிட்டன். அதாலதான் ஒண்டும் இல்லையெண்டு வந்தது."

அவர் மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அஞ்சு நாளும் உங்கட்டத்தானே கேட்ட நான்."

"ஓம்."

"யோசிக்காதீங்க எண்டு செல்லித் தந்தீங்க."

"ஓம் காக்கா."

சட்டியை என் கையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். பறிக்கவில்லை. ஒரு பக்கம் சரியாமல் பக்குவமாகத்தான் எடுத்தார். வார்டுக்குள் போய்ச் சிற்றூழியர் எல்லோருக்கும் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண்ணைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நாள், ஓட்டோவுக்கு நடந்து வரும்போது மரத்தடியில் ஒரு தரம் நின்றா. பிள்ளை புருசனின் கையில் இருந்தது.

"இவரா?" என்று புருசனிடம் கேட்டா.

"ஓம், இவர்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தா. நல்லாய் மெலிந்திருந்தா. நிற்பதற்கு ஓட்டோவின் கம்பியைப் பிடிக்கவேண்டியிருந்தது.

"இப்பவும் ஐஸ் போடுறீங்களா?"

"இல்ல தங்கச்சி."

"போடாதீங்க," என்றுவிட்டு ஏறினா. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓட்டோ வெளிக்கிட்ட பிறகு தலையை வெளியே நீட்டி, "சட்டியக் கழுவி அனுப்புங்க, அது பக்கத்து ஊட்டுச் சட்டி," என்றார்.

தயிர் தின்றவர்களில் ஒருவருக்கும் அந்தச் சட்டியின் ஞாபகம் இருக்கவில்லை. கை கழுவும் இடத்துக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. புதிய சவர்க்காரப் போத்தல் வைத்திருந்தார்கள். மூன்று தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்த நாள் தோப்பூருக்குக் கொண்டுபோனேன். காயவைத்துக் கொடுப்பதில் எனக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு.