ஜாய்ஸ்டிக்குக்கு வைத்த பொட்டு

கனகராஜ் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலில் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தாக வேண்டும். மோட்டார் சைக்கிள், ஐஸ்பெட்டி, சோறு வேகும் குக்கர், எதையும் விட்டதில்லை. அது மனைவி துளசியின் வேலையாக இருந்தது. அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ஈப்போவின் புந்தோங் அடுக்குமாடியில், மூன்றாவது மாடி வீட்டில் இப்போது பொட்டு வைப்பதும் அவர்தான், வைத்ததைப் பார்ப்பதும் அவர்தான்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை நிர்வாகம் வீடுகள் கட்ட விற்றதும் வெளியே வந்து, கோப்பெங் பக்கம் ஒரு கல் குவாரியில் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து முப்பது வருடம் பாறை தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஓட்டினார். வாளி முட்டுவது பாறையிலா மண்ணிலா என்று அவர் கையே சொல்லிவிடும். அந்தக் கைக்காகத்தான் ஈப்போவில் கணினி விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் பிரமிளா அவரைத் தேடி வந்தாள். கணினியும் அவளே கொடுத்தாள். புதிதாக வரும் ஜாய்ஸ்டிக்கை, அதாவது விளையாட்டை ஓட்டும் கைப்பிடியை, அவர் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பார். சனிக்கிழமை அவள் வந்து கருத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, சாமானையும் எடுத்துப் போவாள். அவளை விட்டால் அந்தக் கதவைத் தட்ட ஆளில்லை.

இந்த முறை வந்தது மோட்டார் வைத்தது. திரையில் விமானம் காற்றில் அடிபட்டால் பிடி கையைத் தள்ளும். மூக்கைத் தூக்கினால் கனக்கும். பிடியில் உள்ளங்கை படுமிடத்தில் ஒரு சின்னக் குழி, உள்ளே கண்ணாடி வட்டம். பொட்டு வைக்கவென்றே தோண்டியிருக்கிறான் பார் என்று அங்கேயே வைத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அருமையான சாமான். ஒரே ஒரு கோளாறு. கையை எடுத்துவிட்டுத் தேநீர் கலக்கப் போனாலும் அது பாட்டுக்கு அசைந்துகொண்டே இருந்தது, யாரோ பிடித்திருப்பது போல. முதல் நாள் கனகராஜுக்கு எரிச்சல். மறுநாள் அதன் முனகலைக் கேட்டபடியே வெங்காயம் நறுக்கினார். மூன்றாம் நாள், "இரு, வாரேன்லா" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். வெட்கக்கேடுதான். ஆனால் இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரிடமும் அப்படிச் சொல்ல வாய்க்கவில்லை.

வியாழக்கிழமை பொட்டு காய்ந்து உதிர்ந்தது. கையை எடுத்ததும் பிடி துவண்டு சாய்ந்தது. கை இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் கண்ணாடி வட்டம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சந்தனம் மறைத்ததில் அது ஏமாந்திருக்கிறது. தவறு சாமானுடையது இல்லை, அவருடையது. தெரிந்தேதான் மறுபடியும் சந்தனம் குழைத்து வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மழையில் நனைந்தபடி பிரமிளா வந்தாள். ஆளில்லாமல் ஆடும் பிடியைப் பார்த்தாள்.

"என்னாண்ணே இது, ரோசாக்கா? கெட்டுப் போச்சா?"

"விட்டாலும் நிக்க மாட்டேங்குது."

"அப்ப இத விக்க முடியாதுலா. ஆர்டர நிறுத்திடுறேன். இத நீங்களே வச்சிக்குங்க, யாரு போயி திருப்பி அனுப்புறது?"

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அது அவருக்கே. அவள் எழுத ஆரம்பித்தாள், வாசித்துக்கொண்டே: "மோட்டார் கோளாறு. வாங்க வேண்டாம்."

முப்பது வருடத்தில் தன் கைத்தவறை ஒரு நாளும் அவர் மிஷின் மேல் போட்டதில்லை.

"அத அழிச்சிடும்மா" என்றார். கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைத்துக் காட்டினார். பிடி அடங்கிச் சாய்ந்தது.

பிரமிளாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொட்டு வச்சீங்களா! நல்ல வேள சொன்னீங்க, கடைக்கு இருபது எடுக்கலாம் போல. அஞ்சு ஸ்டார்தானே?"

"அஞ்சு."

"குறை ஏதும் இருக்கா?"

அவள் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்த பிடியையே பார்த்தார் கனகராஜ்.

"கைய எடுத்தா விட்டுடுது."

"அது குறையாண்ணே? அப்படித்தான் செஞ்சிருக்காங்க" என்றாள் பிரமிளா. அதை எழுதாமலே பெட்டியை மூடினாள்.