மயக்கமா வருது

1. மூன்றாவது பத்தி

எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் பதில் கடிதம் வந்த அன்று என் முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கடிதத்தை என் மேசையில் வைத்து, மூன்றாவது பத்தியைப் பேனாவால் தட்டினார்.

"அக்கா, நம்ம வார்த்தையையே எடுத்து நம்ம மேல வீசிட்டாங்க லா. டிரௌசின்னு நாமதானே எழுதினோம்?"

முதலாளி ஜமால் சார் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வக்கீல் அலுவலகம். அங்கே நான் இருபத்தாறு வருடமாக கிளார்க். கட்சிக்காரர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் மாற்றுவதும் என் வேலைதான். சாலை விபத்து, வேலையிடக் காயம், விவாகரத்து எல்லாம் பார்த்தவள். பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்தவரின் நஷ்டஈட்டு வழக்கு எனக்கு அதுதான் முதல். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மணிவண்ணனுக்குப் புக்கிட் பாத்தோக்கில் வீடு, ஏர்கான் சர்வீஸ் வேலை. மனைவி அபிராமிக்குக் காலையில் சிசேரியன், பெண் குழந்தை. அன்று மாலை ஆறு மணிக்குள் அபிராமி இறந்துவிட்டார். வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. வார்டு ரெக்கார்டில் பிரஷர் பார்த்து எழுத வேண்டிய இரண்டு கட்டங்கள் காலி. அதற்குக் கீழே நர்ஸ் எழுதிய ஒரு வரி: "டிரௌசி என்கிறார். ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டது."

டிரௌசி என்றால் தூக்கக் கலக்கம். ஆபரேஷன் முடிந்தவருக்குத் தூக்கக் கலக்கம் வரத்தானே செய்யும் என்பது மருத்துவமனையின் வாதம். நாங்கள் அனுப்பிய கோரிக்கைக் கடிதத்திலும் அபிராமி சொன்னதாக அதே சொல்தான் இருந்தது. உங்கள் கட்சிக்காரரே ஒப்புக்கொள்கிறாரே, இதில் கவனக்குறைவு எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

அந்தச் சொல்லை எழுதியது நான்.

எழுதிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதத்துக்கு முன் மணிவண்ணன் முதல் தடவை வந்தபோது, "மயக்கமா இருக்குன்னு நர்ஸ்கிட்ட சொல்லியிருக்காக்கா. எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா" என்றார். அந்த மெசேஜைக் கேட்கலாமா என்றேன். போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "அப்புறம் தரேன்க்கா." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வற்புறுத்தவில்லை. சந்து முனைக் காப்பிக்கடையிலிருந்து அவருக்குத் தே ஓ, பால் சேர்க்காத டீ, வரவழைத்தேன். ஆபரேஷன் முடிந்தவர் மயக்கம் என்றால் மருந்து மயக்கம்தான் என்று நானே முடிவுகட்டி, டிரௌசி என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

2. கவிழ்த்து வைத்த போன்

இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். அதில் இரண்டு மாதம்தான் மிச்சம் இருந்தது. மணிவண்ணனை வரச் சொன்னேன். இரண்டு வேலைக்கு நடுவே, கம்பெனி சட்டையோடு வந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அந்த மெசேஜ நான் கேட்டாகணும், மணி."

"அது வேணாம்க்கா."

"வேணாம்னா கேஸ் இல்ல. பாப்பாவுக்கு ஒண்ணும் கிடைக்காது. டாக்டரம்மா, நர்ஸம்மா எல்லாரும் சரியாத்தான் செஞ்சாங்கன்னு ஃபைல மூடிடுவாங்க."

கடுமையாகத்தான் பேசினேன். என் மேலிருந்த கோபத்தை அவர் மேல் காட்டினேன் என்பது எனக்கே தெரிந்தது. அவர் போனைக் கையில் வைத்து உருட்டினார்.

"அவ பேசினது மட்டும்னா எப்பவோ குடுத்திருப்பேன்க்கா. அதுக்குக் கீழ என் பதிலும் இருக்கு."

பிறகு போட்டுக் காட்டினார். ஜமால் சார் கதவருகே நின்று கேட்டார்.

"என்னங்க, மயக்கமா வருதுங்க. கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது. நர்ஸ்கிட்ட சொன்னேன், தமிழ்ப் பொண்ணுதான். அது மருந்து மயக்கம், தூங்குங்கன்னு சொல்லுது. எங்க இருக்கீங்க?"

அடுத்தது மணிவண்ணனின் குரல். பின்னால் அலமாரி மூடும் சத்தம்.

"மருந்துதாம்மா. தூங்கு. பாப்பா துணிய எடுத்துட்டு வந்துடறேன்."

மயக்கமா இருக்கு என்று அவர் எங்களிடம் சொன்னது, அவர் நினைவில் நின்ற அளவுதான். அபிராமி சொன்னது மயக்கமா வருது. கண் இருட்டுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். விழப்போகிறேன் என்று அர்த்தம். தமிழ் தெரிந்த யாருக்கும் இதற்கு அகராதி தேவையில்லை. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னால் அதே சொல் மருந்து மயக்கம் ஆகிவிடுகிறது. நர்ஸுக்கு ஆனது, கணவருக்கு ஆனது, எனக்கும் ஆனது.

மணிவண்ணன் ஜமால் சாரைப் பார்த்தார். "இதக் கேட்டா, புருஷனே அப்படித்தானே நெனச்சான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க," என்றார் ஜமால் சார். "ஆனா ரெண்டு மெசேஜையும்தான் குடுக்கணும். ஒங்க பதில வெட்டிட்டுக் குடுக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க, இன்னைக்கே வேணாம்."

மணிவண்ணன் யோசிக்க நேரம் எடுக்கவில்லை. "ஏதோ தூக்கம் வருதுன்னு சொல்லிட்டுச் செத்துப்போயிட்டான்னு எழுதி வச்சிருக்காங்க சார். அவ அப்படிச் சொல்லல. குடுத்துடுங்க."

3. என் வாக்குமூலம்

இருபத்தாறு வருடத்தில் பிறருக்காக எத்தனையோ வாக்குமூலம் தயாரித்திருக்கிறேன். எனக்காகத் தயாரித்தது அது ஒன்றுதான். "முன்பு நான் செய்த மொழிபெயர்ப்பு பிழை. ஒலிப்பதிவைக் கேட்காமல் எழுதினேன்." கையெழுத்துப் போடும்போது அவமானமாக இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

வழக்கைப் பதிவு செய்த பிறகு சமரசப் பேச்சு, தஞ்சோங் பகாரில் ஒரு உயர்ந்த கட்டடத்தில். இரண்டு மெசேஜையும் அங்கே போட்டார்கள். மணிவண்ணன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மருத்துவமனையின் வழக்கறிஞர், ஓர் இளம்பெண், என்னிடம் மரியாதையாகத்தான் ஆங்கிலத்தில் கேட்டார். இத்தனை வருட அனுபவமுள்ள நீங்களே தவறாகப் புரிந்துகொண்டீர்கள், கணவரும் அப்படித்தான் புரிந்துகொண்டார், நர்ஸை மட்டும் எப்படிக் குறை சொல்கிறீர்கள் என்று.

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவள். இவர் வீட்டில் குழந்தைத் துணி எடுத்துக்கொண்டிருந்தவர். அந்த நர்ஸ் கட்டில் பக்கத்தில் நின்றார், பிரஷர் பார்க்கும் மெஷின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வார்த்தை எப்படிப் புரிந்திருந்தாலும் அந்த மெஷினை அபிராமி கையில் கட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்க வேண்டிய நேரம் இரண்டு தடவை வந்து போயிருக்கிறது.

அன்று மாலை ஒப்பந்தம் ஆனது. தொகையை வெளியே சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே தருகிறோம் என்றும் ஒரு வரி உண்டு, அது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். மணிவண்ணன் வேறு ஒன்று கேட்டார். அபிராமி உண்மையில் என்ன சொன்னார் என்று மருத்துவமனை ஒரு கடிதம் தர வேண்டும். அதற்கு ஆறு வாரம் இழுத்தடித்தார்கள்.

வந்த கடிதத்தை அவருக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். "மயக்கம் வருவதாகவும் கண் இருட்டுவதாகவும் உங்கள் மனைவி எங்கள் ஊழியரிடம் சொன்னார். அப்போது அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும்."

அவர் இரண்டு தடவை படித்தார்.

"நான் தூங்குன்னு சொன்னது இதுல இல்லையேக்கா."

"இருக்காது மணி. பாத்திருக்க வேண்டியது அவங்க வேலை."

"ஆனா அவ கடைசியா கேட்டது என் பதிலத்தானே."

கடிதத்தை மடித்து உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்சிக்காரர் போனைக் கவிழ்த்து வைத்தால், அதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நான் பாவம் பார்த்து விட்டுவிட்டேன். அதனால் அந்த மனிதர் இன்னும் ஐந்து மாதம் அந்தப் பதிலை யாரிடமும் சொல்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார்.